உறுமி கேட்க வேண்டுமென்றால் கீபோர்டைக் குறையுங்கள்

தைப்பூசத்துக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே எங்கள் ஊர்ப் பக்கத்து உறுமி மேளக் குழுக்கள் பாட்டுப் பதிவுக்குக் கிளம்பிவிடும். மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான்களிலும் (வீடமைப்புப் பகுதிகளிலும்) குழுக்களுக்குப் பஞ்சமில்லை. பகலில் தொழிற்சாலையிலோ செம்பனைத் தோட்டத்திலோ வேலை, இரவில் கோயில் கொட்டகையில் பயிற்சி. அவர்களில் பலர் பதிவு செய்ய வருவது என் வீட்டு அறைக்குத்தான். 10 அடிக்கு 12 அடி அறை, ஒரு கணினி, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள், நாலைந்து மைக், ஒரு ஜோடி ஸ்பீக்கர். உறுமி, தவில், நாதஸ்வரம், கீபோர்டு, குரல் எல்லாம் ஒரே பாட்டுக்குள் தனித்தனியாகக் கேட்க, ஒலியின் ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனியே கூட்டவும் குறைக்கவும் உதவும் ஈக்யூவை இங்கே எப்படிப் பயன்படுத்துகிறேன் என்று எழுதுகிறேன். கிடைக்கிற பாடங்கள் பெரும்பாலும் டிரம் செட்டையும் எலெக்ட்ரிக் கித்தாரையும் வைத்தே விளக்குகின்றன. அவை சொல்லும் அதிர்வெண் எண்களை நம் வாத்தியங்களுக்கு அப்படியே போட்டால் சரிவராது.

அநேகமாக எல்லாக் குழுவும், எல்லா வாத்தியமும் கலந்த முதல் மிக்ஸைக் கேட்டதும் சொல்வது ஒன்றுதான். "அண்ணே, உறுமி பத்தல. கொஞ்சம் ஏத்துங்க." நியாயமான குறைதான். உறுமிக் குழுவின் பாட்டில் உறுமி கேட்காவிட்டால் வேறு எதற்குப் பாட்டு? ஆனால் சத்தத்தைக் கூட்டும் ஃபேடரை ஏற்றினால் உறுமியோடு சேர்ந்து மொத்தப் பாட்டும் வீங்கும். அப்புறம் குரல் பத்தாது. குரலை ஏற்றினால் நாதஸ்வரம் பத்தாது. இப்படியே போய், மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டர் ஃபேடரில் சிவப்பு விளக்கு எரியும்.

ஒரு குழுவின் மாஸ்டர் இதே குறையைச் சொன்னபோது உறுமியைப் பதிந்த டிராக்கை நான் தொடவே இல்லை. கீபோர்டில் இடது கையால் வாசித்த பேஸுக்குப் போய், 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே அகலமாக 4 டெசிபல் குறைத்துவிட்டுப் பாட்டைத் திரும்பப் போட்டேன். "இப்ப சரிண்ணே. எவ்வளவு ஏத்தினீங்க?" என்று கேட்டார். ஏற்றவில்லை, கீபோர்டைத்தான் குறைத்தேன் என்றேன். நம்பாமல் எழுந்து வந்து திரையில் உறுமியின் ஃபேடரைப் பார்த்தார். பிறகு அவரே, "அப்படின்னா அந்தத் தவில்லயும் கொஞ்சம் கொறைச்சுப் பாருங்க" என்றார். அன்று இரவு அவர் கேட்ட கேள்விகளெல்லாம் எதை ஏற்றுவது என்பதிலிருந்து எதை விலக்குவது என்பதற்கு மாறிவிட்டன. நான் சொல்ல விரும்புவதும் அதைத்தான். ஒரு வாத்தியம் கேட்கவில்லை என்றால் அதன்மேல் எது உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் தேட வேண்டும்.

காரணம் காதில் இருக்கிறது. அடுத்தடுத்த அதிர்வெண்களில் இரண்டு ஒலிகள் ஒரே நேரத்தில் வந்தால், பலமானது மெலிந்ததை மூடிவிடும். மெலிந்த ஒலி காற்றில் இருக்கும், ஸ்பீக்கரிலும் வரும், நமக்கு மட்டும் கேட்காது. கீழ்ச் சத்தம், அதாவது தாழ்ந்த அதிர்வெண், மேல் சத்தத்தை மூடுவது, மேல் சத்தம் கீழ்ச் சத்தத்தை மூடுவதைவிட எளிது. அதனால் மிக்ஸில் அடிப்பகுதி கலங்கினால் மேலே இருக்கிற குரல்கூட மங்கும்.

ஈக்யூ முதலில் இசைக்காக வந்த கருவியும் அல்ல. தொலைபேசிக் கம்பி நீள நீள, மேல் அதிர்வெண்கள் தேய்ந்துபோகும். தேய்ந்ததை ஈடுகட்டிச் சமமாக்கப் பொறியாளர்கள் செய்த சுற்றுகளிலிருந்துதான் இது ஸ்டூடியோவுக்கு வந்தது. இன்று நாம் பயன்படுத்துகிற, அதிர்வெண், அகலம், அளவு மூன்றையும் தனித்தனியாகத் திருப்பக்கூடிய பாராமெட்ரிக் ஈக்யூவை ஜார்ஜ் மாசன்பர்க் 1972ல் ஆய்வுக் கட்டுரையாக முன்வைத்தார். அந்த மூன்று திருகுகளும் இன்று ரீப்பரோடு வரும் ரியாஈக்யூவில் இருக்கின்றன. விலை கொடுத்து வாங்கினால்தான் நல்ல மிக்ஸ் வரும் என்று தம்பிமார் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி உறுமி. அதன் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறோம், மறுபக்கத்தைக் குச்சியால் அடிக்கிறோம். அடிக்கிற பக்கம் மற்ற தோல் வாத்தியம் மாதிரிதான், சிக்கலில்லை. தேய்க்கிற பக்கத்தின் உறுமல் ஒரே சுருதியில் நிற்காது. அழுத்தம் கூடக் கூட மேலே ஏறும், விட்டால் கீழே வழுக்கும். அதனால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைக் குறுகலாகப் பிடித்து வெட்டுவதும் தூக்குவதும் அதற்குப் பொருந்தாது. தூக்கிய இடத்தை உறுமல் கடக்கிற கணத்தில் மட்டும் குபீரென்று வீங்கி, மறுகணம் காணாமல் போகும். உறுமிக்கு நான் செய்வதெல்லாம் அகலமான, மெதுவான மாற்றங்கள்தான். ஒரு இடத்தில் மட்டும் அடிக்கடி வீங்குகிறது என்றால் டைனமிக் ஈக்யூ போடுவேன். அளவு மீறும்போது மட்டும் அது அழுத்தும், மற்ற நேரம் சும்மா இருக்கும். டிடிஆர் நோவா என்ற இலவச பிளக்இன் (மென்பொருளில் சேர்க்கும் துணைக்கருவி) இதற்குப் போதும்.

உறுமலின் அடிச்சத்தத்தை (பேஸ் பகுதியை) விட்டுவிட்டு, குச்சி தோலில் உரசும் கரகரப்பையும் கவனியுங்கள். அது நடுப்பகுதியில் இருக்கும். என் அனுபவத்தில் 800 ஹெர்ட்ஸ் முதல் 2 கிலோஹெர்ட்ஸ் வரை தேடினால் கிடைத்துவிடும். அங்கே அகலமாக 2 டெசிபல் தூக்கினால், கைபேசியில் கேட்பவருக்கும் உறுமி இருப்பது தெரியும். கைபேசியின் சின்ன ஸ்பீக்கர் அடிச்சத்தத்தைத் தரவே தராது. ஆனால் மேல் ஸ்வர அதிர்வுகள் வந்தால், கேட்காத அடிச்சுருதியை மூளை தானே ஊகித்துக்கொள்ளும். பேஸுக்கும் இதே வழிதான். பேஸ் கித்தாரின் அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். அதை எவ்வளவு தூக்கினாலும் கைபேசியில் வராது. அடியை உறுமிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பேஸை 700 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கொஞ்சம் தூக்குங்கள். இரண்டும் பிழைக்கும்.

ஈக்யூவால் ஆகாத ஒரு விஷயம் தவிலில் இருக்கிறது. தவிலுக்கு இரண்டு மைக் வைப்பேன், விரல்கூடு மாட்டி வாசிக்கிற வலந்தலைக்கு ஒன்று, கழியால் அடிக்கிற தொப்பிக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் சத்தம் மெலிந்து டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். பலர் உடனே 100 ஹெர்ட்ஸைத் தூக்கப் போவார்கள். ஒரு தோலை அடிக்கும்போது அது உள்ளே போகிறது, உள்ளிருக்கும் காற்று மறுதோலை வெளியே தள்ளுகிறது. ஒரு மைக்குக்கு அலை இறங்கும்போது மற்றதற்கு ஏறுகிறது, அடிச்சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. ஒரு டிராக்கின் போலாரிட்டியை, அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தை, தலைகீழாகத் திருப்பும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் இழந்த கனம் அந்தக் கணமே திரும்பிவிடும். தவிலில் ஈக்யூவைத் திறக்கும் முன் இந்தப் பொத்தானைத்தான் தொடுவேன்.

குரலுக்கு எங்கே ஹை-பாஸ் (ஒரு எண்ணுக்குக் கீழே இருப்பதை வெட்டும் வடிகட்டி) போடுவது என்று கேட்டால் 80 என்றும் 100 என்றும் பொதுவாகச் சொல்வார்கள். நமக்கு அதைவிடத் துல்லியமான கணக்கு இருக்கிறது, பாடகரின் கட்டை, அதாவது அவர் பாடும் சுருதி. ஒன்றரைக் கட்டையில் பாடுகிற ஆண் குரலுக்கு ஆதார சட்ஜம் சுமார் 139 ஹெர்ட்ஸ். மந்திர பஞ்சமம் வரை இறங்கினாலும் 104தான். அதற்குக் கீழே அந்த டிராக்கில் இருப்பது எதுவும் அவர் குரல் இல்லை. மேசையின் அதிர்வு, மின்விசிறி, ஊருக்குள் கடந்து போகிற சரக்கு ரயில், மூச்சு மைக்கில் முட்டுகிற ஓசை, இவைதான். 80ல் வெட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஐந்து கட்டையில் பாடுகிற பெண்ணுக்கு சட்ஜம் 196, மந்திர பஞ்சமம் 147. 110, 120 வரைகூடத் தைரியமாகப் போகலாம். பதிவுக்கு முன்பே பாடகரிடம் கட்டையைக் கேட்டு டிராக்கின் பெயரோடு எழுதி வைத்துக்கொள்கிறேன். கமகத்தோடு எவ்வளவு கீழே இறங்குகிறார் என்பதையும் ஒருமுறை பாடச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய வீடுகளில் எர்த் சரியில்லாவிட்டால் 'உம்ம்' என்ற இரைச்சல் 50ல் மட்டும் நிற்காது, 100, 150 என்று ஏறிக்கொண்டே போகும். ஹை-பாஸ் 50ஐ எடுத்துவிடும், 150 ஆண் குரலுக்குள்ளேயே இருக்கிறது. அதை ஈக்யூவால் துரத்துவதைவிட வயரைச் சரிபார்ப்பது மேல். மழையும் அப்படித்தான். ஜிங்க் கூரையில் விழுகிற மழை எல்லா அதிர்வெண்ணிலும் பரவிக் கிடக்கும், வெட்டி எடுக்க முடியாது. மாலை மழை வந்தால் பதிவை நிறுத்திவிட்டு எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவோம்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி நாதஸ்வரத்தையும் குரலையும் சேர்த்து உட்கார வைப்பது. கடினமானதும் அதுதான். இரண்டு கட்டை நாதஸ்வரத்தின் மத்திய சட்ஜம் சுமார் 294 ஹெர்ட்ஸ். ஆனால் அதன் கம்பீரம் சீவாளியிலிருந்து பிறக்கிற மேல் அதிர்வுகளில் இருக்கிறது. அவை 588, 882 என்று அடுக்கிக்கொண்டே போய் 2, 3 கிலோஹெர்ட்ஸைத் தாண்டும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரைதான், காதுக் குழாயே அந்தப் பகுதியைப் பெருக்கிக் கொடுக்கிறது. பாடுகிறவரின் மெய்யெழுத்துகள் தெளிவாவதும் அங்கேதான். "முருகா"வா "வருக"வா என்று பிரித்துக் காட்டுவது அந்தப் பகுதி. ஆக, இருவருக்கும் வேண்டியது ஒரே இடம்.

நாதஸ்வரத்தை முழுப் பாட்டுக்கும் அங்கே வெட்டிவிட்டால் அது நாதஸ்வரமாகவே இருக்காது. மங்கல வாத்தியத்தை மொட்டையாக்கிவிட்டு குரல் தெளிவாக இருக்கிறது என்று சந்தோஷப்பட எனக்கு மனம் வராது. அதனால் குரல் வருகிற வரிகளில் மட்டும் ஆட்டோமேஷன் (பாட்டு ஓடும்போது அமைப்பைத் தானாக மாற்றும் வசதி) போட்டு, நாதஸ்வரத்தில் 2.8 கிலோஹெர்ட்ஸ் அளவில் அகலமாக 3 டெசிபல் குறைக்கிறேன். வரி முடிந்து நாதஸ்வரம் தனியாகப் பதில் சொல்கிற இடத்தில் முழுசாகத் திறந்துவிடுகிறேன். கேட்பவர் இந்த மாற்றத்தைக் கவனிக்கவே மாட்டார், ஏனென்றால் அந்த நேரம் அவர் கவனம் பாடுகிறவரிடம் இருக்கும். வேலை அதிகம்தான், வரிவரியாகப் போக வேண்டும். டைனமிக் ஈக்யூவைக் குரலால் இயக்கினால் இதே வேலை தானாக நடக்கும். ஆனாலும் கையால் செய்வதையே விரும்புகிறேன். எந்த வரியில் நாதஸ்வரம் குரலோடு போட்டி போட வேண்டும், எதில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது பாட்டின் பொருளைப் பொறுத்தது. பிளக்இன்னுக்கு அது தெரியாது.

மைக்கை எங்கே வைத்தோம் என்பதும் இதில் பாதி. நாதஸ்வரத்தின் அணைசுக்கு நேரே மைக் வைத்தால் கூர்மை குத்தும். குழலின் துளைகளும் நிறைய ஒலி விடுகின்றன. ஓரடி, இரண்டடி தள்ளி, வாசிப்பவரின் கைப்பக்கம் பார்த்தாற்போல் வைத்தால் அந்த 3 டெசிபல் வேலை 1 டெசிபலாகக் குறையும்.

200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை தனியாகப் பேச வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் அங்கே எந்த வாத்தியத்திலும் குறை தெரியாது. கீபோர்டு பேட் (நீளமாக நிற்கும் பின்னணி ஒலி) வெதுவெதுப்பாக இருக்கும், குரல் நிறைவாக இருக்கும், தவில் கனமாக இருக்கும். சேர்த்துப் போட்டால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். ஒரே குழம்புக்கு ஐந்து பேர் ஆளுக்கு ஒரு பிடி உப்புப் போட்ட கதை. இங்கே எல்லாரையும் சமமாகக் குறைக்கக் கூடாது. யாருக்கு அது உயிர், யாருக்கு உபரி என்று பிரிக்க வேண்டும். குரலுக்கும் தொப்பிக்கும் அது உயிர், விட்டுவிடுவேன். கீபோர்டு பேடுக்கு உபரி, 300ல் 5, 6 டெசிபல்கூட இறக்குவேன். தனியாகக் கேட்டால் கீபோர்டு சோகையாகத்தான் இருக்கும். அதைத் தனியாகக் கேட்கப் போகிறவர் யாருமில்லை. ஒரு டிராக்கை மட்டும் ஒலிக்கவிடும் சோலோ பொத்தானை அழுத்திக்கொண்டே ஈக்யூ செய்கிற தம்பிமாரிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது இது. கோளாறைக் கண்டுபிடிக்க சோலோவில் கேளுங்கள், முடிவை எல்லாம் ஒன்றாக ஓடும்போது எடுங்கள்.

கீபோர்டுக்காரர் பக்கத்திலேயே இருந்தால் இன்னும் சுலபமான வழி உண்டு. ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே வாசிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இடது கையை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேர ஈக்யூவை விட இது நல்ல பலன் தரும்.

ஜால்ராவும் சிங்கியும் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மேலே காதைக் குத்துகிற ஒற்றை ரீங்காரம் இருந்தால் குறுகலாகத் தேடி வெட்டுங்கள். அது குரலின் 'ச', 'ஸ' ஓசை இருக்கிற 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் விழுந்தால் ஜால்ராவைக் கொஞ்சம் பக்கவாட்டில், இடதுக்கோ வலதுக்கோ தள்ளிப் பாருங்கள். பாதி மோதல் தீர்ந்துவிடும்.

எதைத் தூக்கினாலும் நன்றாக இருக்கிற மாதிரியே தோன்றும், இதில் எச்சரிக்கை வேண்டும். சத்தம் கூடியதைக் காது அழகு கூடியதாக எடுத்துக்கொள்ளும். ஒரு பேண்டை (அதிர்வெண் பகுதியை) 3 டெசிபல் தூக்கினால், பிளக்இன்னின் வெளியீட்டைக் கொஞ்சம் இறக்கி, போட்டதும் எடுத்ததும் ஒரே சத்தத்தில் இருக்கும்படி வைத்து ஒப்பிடுங்கள். பாதி மாற்றங்கள் தேவையே இல்லை என்று தெரியவரும். கேட்கிற அளவும் முக்கியம். ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933லேயே வரைபடமாகக் காட்டிய விஷயம் இது. சத்தம் குறைவாக இருக்கும்போது காது அடிச்சத்தத்தை மிகக் குறைவாக வாங்கும், கூட்டினால் அடிச்சத்தம் தானாக நிறையும். அலறவிட்டு மிக்ஸ் செய்தால், வீட்டில் மெதுவாகக் கேட்பவருக்கு உறுமி காணாமல் போயிருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தொந்தரவில்லாத அளவில்தான் என் வேலையின் பெரும்பகுதி நடக்கிறது. அது மிக்ஸுக்கும் நல்லது.

சின்ன அறைக்கு இன்னொரு குணம் உண்டு. 10 அடி இடைவெளியில் எதிரெதிரே இரண்டு சுவர் இருந்தால் 56 ஹெர்ட்ஸ் அங்கே தங்கி அதிரும். 12 அடிக்கு 47. ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் உங்கள் அறையின் எண் கிடைக்கும். ஒலி நொடிக்கு 343 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரோரம் உட்கார்ந்தால் அந்த அதிர்வெண் பூதாகரமாகக் கேட்கும், அறையின் நட்டநடுவில் காணாமல் போகும். அதை நம்பி ஈக்யூவைத் திருப்பினால் அறையின் குறையைப் பாட்டில் எழுதிவைத்த மாதிரி ஆகிவிடும். நாற்காலியை முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுத் தள்ளி வைத்தேன், மூலைகளில் பழைய மெத்தையை மடித்து நிறுத்தினேன். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எந்த முடிவையும் ஹெட்போனில் ஒருமுறை சரிபார்க்காமல் எடுப்பதில்லை.

பாட்டு எங்கே ஒலிக்கும் என்பதையும் கேட்டுக்கொள்வேன். குழுவினர் முதலில் மைவி காரில் போட்டுக் கேட்பார்கள், கார் அடிச்சத்தத்தைத் தூக்கிக் காட்டும். அடுத்தது கைபேசி. மூன்றாவது தோட்டத்துக் கோயிலின் குழாய் ஒலிபெருக்கி. குழாயில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் வராது, நடுப்பகுதி மட்டும் ஊரைத் தாண்டிக் கேட்கும். நாதஸ்வரம் அதில் கத்தும், உறுமல் போய்விடும். திருவிழாவில் ஒலிக்கப்போகிறது என்று தெரிந்தால் தனியாக ஒரு பிரதி செய்து கொடுக்கிறேன். அதில் 150க்குக் கீழே முழுசாக வெட்டி, நாதஸ்வரத்தின் 3 கிலோஹெர்ட்ஸை இன்னும் 2 டெசிபல் இறக்கி, உறுமியின் கரகரப்பை 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கூடுதலாகத் தூக்கி வைப்பேன். ஆம்ப்ளிபயருக்கு வேண்டாத பாரம் குறையும், கேட்கவும் இதமாக இருக்கும். கோப்பின் பெயரிலேயே 'கோயில்' என்று போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அதையே யாராவது யூடியூபில் ஏற்றிவிடுவார்கள்.